இரண்டு பிறப்புடைய செங்கல்: இந்தியத் தளவரிசைகளின் உருவாக்க வரலாறு

கட்டடக்கலை வரலாற்று நூல்களில் தூணுக்கும் விமானத்துக்கும் கவிகைக்கும் கிடைத்த இடம் தரைக்குக் கிடைத்ததில்லை. அகழாய்வு அறிக்கைகளில்கூடச் செங்கல் தளம் என்பது பெரும்பாலும் ஒரு மண்ணடுக்கின் எல்லைக்கோடாகவே குறிக்கப்படுகிறது. அதன் நீள அகலங்கள் தரப்படும். அதற்கு மேலும் கீழும் கிடைத்த பானையோடுகளுக்குப் பல பக்கங்கள் ஒதுக்கப்படும். ஆனால் மனிதர் நடந்ததும் குளித்ததும் தானியம் குவித்ததும் வண்டி ஓட்டியதும் தரையின்மேல்தான். ஒரு சமூகம் தன் மண்ணையும் விறகையும் உழைப்பையும் எதற்காகச் செலவிட்டது என்ற கேள்விக்குச் சுவரைவிடத் தரை நேர்மையான விடை தருகிறது. ஏனெனில் சுவரைப் பிறர் காண்பதற்காகவும் எழுப்பலாம். தளம் பயன்பாட்டுக்காகவே பாவப்படுகிறது.

இந்தியத் துணைக்கண்டத்துத் தளச்செங்கலின் வரலாற்றை எழுதுவதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. செங்கல்லுக்கு இரண்டு பிறப்புகள். சூளையில் வெந்த நாள் ஒன்று. தரையில் பதிக்கப்பட்ட நாள் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையில் சில வாரங்களும் இருக்கலாம், சில நூற்றாண்டுகளும் இருக்கலாம். உடைந்த மண்பானை குப்பைக்குப் போகிறது. இடிந்த கட்டடத்தின் செங்கல்லோ அடுத்த கட்டடத்துக்குப் போகிறது. இந்த உண்மையை மறந்து எழுதப்படும் எந்தக் காலவரிசையும் நிலைப்பதில்லை.

1. சுவர்க்கல்லும் தளக்கல்லும்

சுவரில் இருக்கும் செங்கல் தாங்க வேண்டியது மேலிருந்து வரும் சுமையை மட்டுமே. தரையில் இருக்கும் செங்கல்லுக்கு மூன்று பகைகள்: தேய்வு, நீர், உப்பு. காலும் சக்கரமும் மேற்பரப்பை அரைக்கின்றன. நீர் நுண்துளைகள் வழியே ஏறி இறங்குகிறது. நீரோடு வரும் உப்பு துளைகளுக்குள் படிகமாகிப் பெருத்து, மேற்புறத்தைப் பொரியச் செய்கிறது. ஆகவே ஒரே மண்ணில் அறுத்து ஒரே சூளையில் சுட்ட கற்களிலும் எல்லாக் கல்லும் தளத்துக்கு உதவாது.

களிமண்ணைச் சுமார் 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றும்போது அதன் கனிமங்களில் பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுகிறது. அதன்பின் அது மீண்டும் சேறாகக் கரையாது. வெப்பம் 900 பாகையைக் கடந்து 1,000ஐ நெருங்கும்போது மண்ணிலுள்ள இளகு பொருள்கள் ஓரளவு உருகி, மணல் துகள்களைக் கண்ணாடி போலப் பிணைக்கின்றன. துளைகள் குறைகின்றன, தட்டினால் மணியோசை எழுகிறது. இதற்கும் மேலே போனால் கல் முறுகி, கறுத்து, வளைந்துவிடும். பழைய சூளைகளில் நெருப்புக்கு அருகிலிருந்த கல் முறுகியது; நடுவில் இருந்தது நன்றாக வெந்தது; ஓரத்தில் இருந்தது பாதி வெந்தது. எனவே சூளையைப் பிரிப்பவரின் கண்ணும் காதும்தான் தரக்கட்டுப்பாட்டுக் கருவிகள். எது தளத்துக்கு, எது சுவருக்கு, எது உடைத்து ஜல்லியாக்குவதற்கு என்று முடிவு செய்தது அவருடைய அனுபவமே.

கங்கைச் சமவெளியின் வண்டலில் மற்றோர் இடர் உண்டு. அம்மண்ணில் கலந்து கிடக்கும் கங்கர் என்னும் சுண்ணாம்பு முடிச்சுகள் சூளையில் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு ஈரம் பட்டதும் அவை உப்பிக் கல்லை உள்ளிருந்தே வெடிக்கச் செய்யும். மண்ணைச் சலித்து, ஊறவைத்து, மிதித்துப் பதப்படுத்தும் வேலை அதனால்தான் செங்கல் தொழிலின் பாதியாக இருந்தது.

2. நீர் நின்ற இடத்தில் தோன்றிய தொழில்

சிந்துவெளி நகரங்களின் முதிர்ந்த காலம் ஏறத்தாழ கி.மு. 2600 முதல் கி.மு. 1900 வரை. இக்காலச் செங்கற்கள் தடிமன், அகலம், நீளம் ஆகியவற்றில் 1:2:4 என்ற விகிதம் உடையவை என்பது பாடநூல்களிலும் இடம்பெற்ற செய்தி. வீடுகளுக்குப் பெரும்பாலும் 7 × 14 × 28 செ.மீ. அளவும், பெருஞ்சுவர்களுக்கு 10 × 20 × 40 செ.மீ. அளவும் வழங்கின. இந்த விகிதத்தின் நன்மை, கல்லை எப்படித் திருப்பி வைத்தாலும் இணைப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் என்பதே. இரண்டு கல்லின் அகலம் ஒரு கல்லின் நீளம். இரண்டு கல்லின் தடிமன் ஒரு கல்லின் அகலம்.

விகிதத்தைவிடக் கவனத்துக்குரியது சுட்ட செங்கல் எங்கே பயன்பட்டது என்பது. மொகஞ்சதாரோவில் வீடுகளே சுட்ட செங்கலால் எழுந்தன. ஆனால் இராசத்தானத்துக் காலிபங்கனில் வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் பச்சைச் செங்கல். சுட்ட செங்கல் கிணறு, வடிகால், குளிக்கும் தளம் ஆகியவற்றுக்கே ஒதுக்கப்பட்டது. விறகு விலையுயர்ந்த இடத்தில் மனிதர் எதற்கு அதைச் செலவிடுவார் என்பதை இது காட்டுகிறது. நீர் படும் இடத்துக்குச் சுட்ட கல். நீர் படாத இடத்துக்கு வெயிலில் காய்ந்த கல். ஆக, சுட்ட செங்கல்லின் முதன்மைத் தேவை சுவரன்று. ஈரத் தரையே என்று கொள்ள இடமிருக்கிறது. காலிபங்கனின் ஒரு வீட்டில், ஒன்றையொன்று வெட்டும் வட்டங்கள் பொறித்த சுடுமண் ஓடுகளால் பாவிய தளமும் கிடைத்தது. தரையை அழகுபடுத்தும் எண்ணம் அத்துணைப் பழமையானது.

மொகஞ்சதாரோவின் பெருங்குளம் இத்தொழிலின் உச்சம். ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடைய அத்தொட்டியின் அடித்தளத்தில் கற்கள் படுக்கையாக வைக்கப்படவில்லை. விளிம்பின்மேல் நிறுத்தி, இடைவெளியின்றிச் செறித்து, ஜிப்சம் சாந்தால் இணைக்கப்பட்டன. சுவரின் பின்புறத்தில் நிலக்கீல் பூச்சு நீர்க்கசிவைத் தடுத்தது. வீடுகளின் குளியல் தளங்களிலும் கற்களின் ஓரங்கள் தேய்த்துச் சீராக்கப்பட்டு, இணைப்புகள் நெருக்கமாகப் பொருத்தப்பட்டன. அச்சிலிருந்து வந்த கல்லை அப்படியே வைக்காமல், வெந்த பிறகும் தேய்த்துப் பொருத்தும் தனிக் கைவினை அங்கே இருந்தது என்பதற்கு இவை சான்று.

அக்கைவினைஞரின் பெயர் எதுவும் எஞ்சவில்லை. ஆனால் அவர்களுடைய களத்தின் ஒரு கணம் எஞ்சியிருக்கிறது. சன்ஹுதாரோவில் எர்னஸ்ட் மெக்கே 1935–36இல் நடத்திய அகழாய்வில் கிடைத்த ஒரு செங்கல்லில் பூனையின் காலடியும் அதைத் துரத்திய நாயின் காலடியும் பதிந்துள்ளன என அடையாளம் காணப்பட்டது. அறுத்த கல் காயுமுன் திறந்த வெளியில் வரிசையாகப் பரப்பப்பட்டது, அவ்வெளி குடியிருப்பை ஒட்டியே இருந்தது, தடம் பதிந்த கல்லும் கழிக்கப்படாமல் சூளைக்குப் போனது ஆகிய மூன்று செய்திகளை அந்த ஒரு கல் தருகிறது.

3. வேள்விமேடையும் விகாரமும்

நகரங்கள் தளர்ந்த பின் வட இந்தியாவில் சுட்ட செங்கல் கட்டுமானம் பல நூற்றாண்டுகளுக்கு அரிதாகிவிடுகிறது. எனினும் செங்கல் பற்றிய அறிவு அற்றுப்போகவில்லை. வேள்வி மரபின் அக்கினிசயனச் சடங்கு செங்கல் அடுக்கையே மையமாகக் கொண்டது. பருந்து வடிவிலான மேடை ஐந்து அடுக்குகளாக எழுப்பப்பட வேண்டும். ஓர் அடுக்கின் இணைப்பு அடுத்த அடுக்கின் இணைப்பின்மேல் விழக்கூடாது. கற்களின் எண்ணிக்கையும் பரப்பும் வரையறுக்கப்பட்டிருந்தன. சுல்ப சூத்திரங்களின் வடிவகணிதம் இத்தேவையிலிருந்து பிறந்தது. இணைப்புகளை மாற்றி மாற்றி அடுக்குவது கொத்தரின் அன்றாட விதி. அதை எழுத்தில் காண்பது இங்கேதான்.

கி.மு. முதலாயிரத்தின் பிற்பகுதியில் கங்கைவெளி நகரங்களோடு சுட்ட செங்கல் மீண்டும் பரவியது. இப்போது கல்லின் அளவு மாறிவிட்டது. அகன்று, தட்டையாக, பெரிதாக இருந்தது. பௌத்த விகாரங்களின் முற்றங்கள் செங்கல் தளங்களுக்குச் சிறந்த களம். பிட்சுகளின் அறைகள் நாற்புறமும் சூழ, நடுவில் திறந்த முற்றம். மழைநீர் வடிய வாய்க்கால். ஒரு மூலையில் கிணறு. நாளந்தாவின் முதலாம் எண் மடாலயத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது குடியிருப்பு நிலைகள் அடையாளம் காணப்பட்டன. பழைய தளம் அகற்றப்படாமல் புதிய தளத்தின் அடியில் புதைந்தது. ஒரு நிறுவனம் அழிந்து, மீண்டு, மீண்டும் தொடர்ந்ததைச் சொல்லும் பதிவேடு அத்தரைகளே.

4. ஆயிரம் கல்லுக்கு முப்பது தாம்

முகலாயர் காலத்தில் நமக்கு முதன்முறையாக விலைப்பட்டியல் கிடைக்கிறது. அக்பரின் அவையில் அபுல் ஃபசல் தொகுத்த அயினி அக்பரி, கட்டுமானப் பொருள்களின் விலைகளைக் கூறும் பகுதியில் செங்கல்லை மூன்றாக வகுக்கிறது: வெந்தது, பாதி வெந்தது, வேகாதது. வெந்த கல் ஆயிரத்துக்கு 30 தாம், பாதி வெந்தது 24, வேகாதது 10. ஒரு ரூபாய்க்கு 40 தாம். அதாவது நன்றாக வெந்த ஆயிரம் கல்லின் விலை முக்கால் ரூபாய். வேகாத கல்லுக்கும் வெந்த கல்லுக்கும் இடையே மும்மடங்கு வேறுபாடு. அறுப்புக் கூலியும் மண்ணும் இரண்டுக்கும் பொதுவானவை. ஆகவே இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி விறகின் விலையும் சூளை உழைப்பும் என்று கொள்ளலாம். பாதி வெந்த கல்லும் விற்பனைப் பொருளாக இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. சூளையின் ஓரத்துக் கற்கள் வீணாகவில்லை.

பழைய செங்கல்லை இடித்துப் பொடியாக்கும் தொழிலாளரைத் தனி வகுப்பாகவே அந்நூல் குறிப்பிடுகிறது. அப்பொடிதான் சுர்க்கி. சுண்ணாம்போடு சுர்க்கி சேர்ந்தால் சாந்து ஈரத்திலும் இறுகும். தளத்துக்கும் தொட்டிக்கும் கால்வாய்க்கும் அது இன்றியமையாதது. பழைய கல்லே புதிய தளத்தின் சாந்தாகவும் மாறியது.

இக்காலத்தில் பரவிய லக்கோரி செங்கல் கையடக்கமானது. தடிமன் ஓர் அங்குலத்தை ஒட்டியது. மெல்லிய கல் சூளையில் உள்வரை ஒரே சீராக வேகும். வளைவுகளையும் அலங்கார வடிவங்களையும் அதைக் கொண்டு எளிதில் அமைக்கலாம். லாகூரில் 1630களில் எழுந்த வசீர்கான் மசூதியின் முற்றமும், 1641–42இல் அமைந்த ஷாலிமார் தோட்டத்தின் நடைபாதைகளும் வடிவக்கோலங்களாகப் பாவிய செங்கல் தளங்களுக்குப் புகழ்பெற்றவை. பளிங்கும் செம்மணற்கல்லும் தொலைவிலிருந்து வரவேண்டிய பஞ்சாபில், ஆற்று வண்டலே அரச தோட்டத்தின் தரையாயிற்று.

செங்கல்லை விளிம்பின்மேல் நிறுத்திப் பாவும் முறைக்கு வட இந்தியாவில் கடஞ்சா என்று பெயர். சிற்றூர்த் தெருக்களில் இன்றும் வழங்கும் சொல் அது. படுக்கையாக வைத்த கல் சக்கரத்தின் கீழ் எளிதில் முறியும். விளிம்பில் நிறுத்திய கல்லுக்கு ஆழம் மிகுதி, வலிமையும் மிகுதி. விலையும் மிகுதிதான். 9 × 4½ × 3 அங்குலக் கல் படுக்கையாக 40½ சதுர அங்குலத்தை மூடும்; விளிம்பில் நின்றால் 27 சதுர அங்குலத்தையே மூடும். அதே தெருவுக்கு ஒன்றரை மடங்கு கல் வேண்டும். மீன்முள் போலச் சாய்வாக மாற்றி மாற்றி அடுக்கும்போது சக்கரத்தின் போக்கில் நீண்ட நேர்க்கோட்டு இணைப்பு ஏற்படுவதில்லை. ஒரு கல்லின் மேல் விழும் சுமையை அண்டைக் கற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன.

செங்கல் அறுத்தோரின் பெயர்கள் மறைந்த இந்நெடிய வரலாற்றில் ஒரு பெயர் மட்டும் ஊர்ப்பெயராக எஞ்சியது. லாகூரில் பழைய பெருவழியோரம் நிற்கும் குவிமாடக் கட்டடத்துக்குப் புத்துவின் ஆவா என்று பெயர். ஆவா என்றால் சூளை. முகலாய அரசுக்குச் செங்கல் வழங்கிய புத்து என்பவரின் சூளைகள் அங்கிருந்தன என்றும், மழையில் நனைந்து சூளையருகே குளிர்காய வந்த ஒரு பக்கிரியைத் துரத்தியதால் அவர் சாபமிட, நெருப்பு அணைந்துபோயிற்று என்றும் மரபுக்கதை கூறுகிறது. அக்கட்டடம் உண்மையில் ஓர் உயர்குடியினரின் கல்லறை என்பது ஆய்வாளர் சிலர் கருத்து. கதை வரலாறாகாது. ஆயினும் சூளை முதலாளியின் பெயரும், குளிருக்கு ஒதுங்கிய ஏழையின் சாபமும் மக்கள் நினைவில் தங்க, கல் அறுத்தவர் கதையிலும் இடம்பெறவில்லை என்பது எண்ணத்தக்கது.

5. நகரத்தை உண்ட நகரங்கள்

வங்காளச் சமவெளியில் கல் கிடையாது. அங்கே செங்கல்லே கல். சுல்தான்களின் தலைநகராயிருந்த கௌர், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொள்ளைநோயாலும் ஆற்றின் விலகலாலும் கைவிடப்பட்ட பின், அதன் செங்கற்கள் தனி வருவாய் இனமாகவே மாறின. 18ஆம் நூற்றாண்டு வருவாய்ப் பதிவுகளில் கௌர்ச் செங்கல் விலை என்ற தலைப்பிலேயே ஆண்டுக்கு 8,000 ரூபாய் வரவு காணப்படுகிறது; இடிபாடுகளிலிருந்து கல் எடுக்கும் உரிமைக்காக அண்டை நிலக்கிழார்கள் செலுத்திய தொகை அது. மால்தாவும் முர்சிதாபாத்தும் அக்கற்களைப் பெற்றன. 1787இல் திறக்கப்பட்ட கல்கத்தாவின் புனித யோவான் தேவாலயத் தரையில் பாவிய நீலச்சாம்பல் நிறக் கற்களும் கௌரிலிருந்தே வந்தவை. ஒரு தலைநகரின் தரை மற்றொரு தலைநகரின் தரையாயிற்று.

இதே கதை பஞ்சாபில் இன்னும் பெரிய அளவில் நிகழ்ந்தது. 1850களிலும் 1860களிலும் லாகூர்–முல்தான் இருப்புப்பாதை அமைந்தபோது, தண்டவாளத்தின் அடியில் இடுவதற்கான ஜல்லி அருகில் கிடைக்கவில்லை. அரப்பாவின் மேடுகளில் செங்கல் குவிந்து கிடந்தது. ஒப்பந்தக்காரர்கள் அதைத் தோண்டிச் சென்றனர். தொல்லியல் அளவைத்துறையின் அலெக்சாண்டர் கன்னிங்காம் 1870களில் எழுதிய அறிக்கை, ஏறத்தாழ 100 மைல் பாதைக்குப் போதுமான செங்கல் அம்மேட்டிலிருந்து எடுக்கப்பட்டதைக் குறிக்கிறது. அவர் அங்கே கிடைத்த ஒரு முத்திரையையும் வெளியிட்டார். ஆனால் அந்நகரின் தொன்மையை உணரவில்லை. 1921இல் தயாராம் சாஹ்னி அரப்பாவிலும், அடுத்த ஆண்டு இரக்கால்தாஸ் பானர்ஜி மொகஞ்சதாரோவிலும் அகழ்ந்தனர். 1924 செப்டம்பரில் ஜான் மார்ஷல் அப்பண்பாட்டை உலகுக்கு அறிவித்தார். அதற்குள் அரப்பாவின் மேலடுக்குகள் புகைவண்டியின் கீழே போய்விட்டன. மொகஞ்சதாரோவைப் போல் தெளிவான தெருவமைப்பு அரப்பாவில் கிடைக்காமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே கவனிக்க வேண்டிய தொழில்நுட்ப உண்மை ஒன்று உண்டு. நான்காயிரம் ஆண்டுகள் மண்ணில் கிடந்த செங்கல், நீராவி எஞ்சினின் அதிர்வைத் தாங்கும் ஜல்லியாகத் தகுதி பெற்றது. சிந்துவெளிச் சூளையின் தரத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனை எதுவும் நடந்ததில்லை. அச்சோதனையின் விலைதான் ஒரு நகரம்.

6. அணையாத நெருப்பு

கங்கைக் கால்வாய்ப் பணி 1842இல் தொடங்கி 1854இல் கால்வாய் திறக்கப்பட்டபோது, புரோபி காட்லி வெறும் கால்வாயை மட்டும் அமைத்திருக்கவில்லை. செங்கல்லையும் சாந்தையும் தாமே உண்டாக்கிக்கொள்ளும் ஏற்பாட்டையும் உருவாக்க வேண்டியிருந்தது. ரூர்க்கியின் சோலானி நீர்ப்பாலம் போன்ற பெருங்கட்டுமானங்கள் முன்பு காணாத அளவில் ஒரே சீரான கற்களைக் கேட்டன. 1847இல் ரூர்க்கியில் பொறியியல் கல்லூரி தோன்றியதும் இச்சூழலில்தான். ஊருக்கு ஊர் மாறுபட்ட அச்சுகளின் இடத்தை ஒன்பது அங்குலக் கல் மெல்லப் பிடித்தது.

சூளையும் மாறியது. பழைய முறையில் ஒரு சூளையை அடுக்கி, மூட்டி, எரித்து, ஆறவிட்டுப் பிரிக்க வாரக்கணக்கில் ஆகும். அத்தனை வெப்பமும் காற்றோடு போகும். 1858இல் பிரீட்ரிக் ஹாஃப்மன் காப்புரிமை பெற்ற வளையச் சூளையில் கல் அசையாது, நெருப்பு நகரும். முன்னே உள்ள பச்சைக்கல்லைப் புகையின் வெப்பம் காய்ச்சும். பின்னே ஆறிக்கொண்டிருக்கும் கல் உள்வரும் காற்றைச் சூடாக்கும். விறகும் நிலக்கரியும் மிச்சமாயின. ஆனால் நிரந்தரக் கவிகையும் புகைபோக்கியும் கொண்ட அச்சூளைக்கு முதலீடு அதிகம். 1876இல் புல் என்னும் ஆங்கிலப் பொறியாளர் இந்தியாவில் அதை எளிமையாக்கினார்: மண்ணில் வளையமாக ஓர் அகழி, மேலே கவிகைக்குப் பதில் சாம்பலும் மண்ணும், இடம் மாற்றக்கூடிய தகரப் புகைபோக்கிகள். கங்கைவெளி முழுவதும் பரவியது இதுவே. ஒருமுறை மூட்டிய நெருப்பு, பருவம் முடியும்வரை அணையாமல் சுற்றிவந்தது.

வங்காளத்தில் இதன் விளைவு சாலைகளில் தெரிந்தது. முறுகிக் கறுத்த கல்லை உடைத்து உண்டாக்கிய கோவா என்னும் செங்கல் ஜல்லி, கருங்கல் இல்லாத நாட்டின் சாலைப் பொருளாயிற்று. சூளையில் தவறிய கல் சாலையில் தேறியது. சாலையோரம் குந்தி அமர்ந்து சிறு சுத்தியலால் செங்கல் உடைக்கும் பெண்களின் உழைப்பு இதன் பிரிக்க முடியாத பகுதி.

மேற்குக் கரையில் மற்றொரு போக்கு. 1865இல் மங்களூரில் பேசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலை, இயந்திர அழுத்தத்தில் கூரையோடும் தரையோடும் உருவாக்கியது. ஓட்டின் முதுகில் நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டது. உள்நாட்டுச் சூளைக்காரர்களும் கல்லின் நடுப்பள்ளத்தில் தம் பெயரெழுத்துகளைப் பொறிக்கத் தொடங்கினர். செங்கல் பேசத் தொடங்கியது. ஆனால் அது சொன்னது உரிமையாளரின் பெயரை.

7. எண்ணப்படும் கல், எண்ணப்படாத கை

அயினி அக்பரி ஆயிரம் கல்லுக்கு விலை சொன்னது. இன்றும் சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கே பேசப்படுகிறது. இடைப்பட்ட நான்கு நூற்றாண்டுகளில் எரிபொருள் மாறியது, சூளை மாறியது, அளவு மாறியது; எண்ணும் முறை மாறவில்லை. ஆயிரம் கல்லுக்குக் கூலி என்பது ஓர் ஆளுக்கான கூலியன்று. மண் குழைக்கும் கணவனும், அச்சு நிரப்பும் மனைவியும், காயும் கல்லைப் புரட்டிவைக்கும் குழந்தையும் சேர்ந்துதான் அந்த ஆயிரத்தை எட்டுகின்றனர். கணக்கேட்டில் ஒரு பெயர்தான் இருக்கும்.

மழைக்காலம் முடிந்ததும் முன்பணம் பெற்று, குடும்பத்தோடு தொலைவூர்ச் சூளைக்குப் போய், அடுத்த மழைக்கு முன் திரும்பும் வழக்கம் மேற்கு ஒடிசாவின் பலாங்கீர் பகுதியிலிருந்து ஆந்திரம், தெலங்கானம், தமிழ்நாட்டுச் சூளைகள் வரை நீள்கிறது. முன்பணம் கடனாகவும் கடன் கட்டுப்பாடாகவும் மாறும் நிலையைத் தடுக்கவே 1976இல் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டத்துக்குப் பின்னும் செங்கல் சூளைகளிலிருந்து தொழிலாளர் மீட்கப்படும் செய்திகள் நின்றபாடில்லை. சன்ஹுதாரோவின் களத்தில் ஓடிய பூனையையும் நாயையும் தொல்லியல் பெயரிட்டு அறிந்தது. அக்கல்லை அறுத்த கையைப் பற்றிக் கேட்கும் கேள்வி பழங்காலத்தோடு முடிந்துவிடுவதன்று.

மண்ணின் கணக்கும் உண்டு. சூளைக்குப் போவது வயலின் மேல்மண். 1999இல் மைய அரசு, அனல்மின் நிலையங்களைச் சுற்றியுள்ள சூளைகள் உலைச்சாம்பலைக் கலந்தே கல் அறுக்க வேண்டும் என அறிவிக்கை வெளியிட்டதற்கு மேல்மண்ணைக் காப்பதும் ஒரு நோக்கம்.

8. தரையைப் படிக்கும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து ஆய்வுமுறைக்குச் சில முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, செங்கல்லின் அளவை மட்டும் கொண்டு தளத்தின் காலத்தை முடிவு செய்வது இடரானது. அளவு சொல்வது அறுத்த காலத்தை. வெப்ப ஒளிர்வுக் காலக்கணிப்பும் கல் கடைசியாகச் சுடப்பட்ட காலத்தையே தரும். பதித்த காலத்தைத் தராது. பதித்த காலத்தைச் சொல்ல வல்லவை தளத்தின் அடியிலுள்ள மண்ணடுக்கும் அதில் சிக்கிய பொருள்களுமே. 1945இல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் காலத்தை நிறுவியது அடுக்குகளில் கிடைத்த ரோமானிய அரெட்டைன் பானையோடுகளைக் கொண்டுதான். கல்லின் நீள அகலத்தைக் கொண்டன்று.

இரண்டாவது, பொறிப்பையும் ஐயத்தோடு அணுக வேண்டும். மேற்குக் கரை ஓடுகள் பலவற்றில் காணும் ஆண்டு நிறுவனம் தொடங்கிய ஆண்டு. அந்த ஓடு பிறந்த ஆண்டன்று. மேலும் விளிம்பில் நிறுத்திப் பாவிய தளத்தில் பொறிப்புள்ள அகன்ற முகம் இரு கற்களுக்கு இடையே மறைந்துவிடும். தளத்தைப் பெயர்க்கும் ஒரு நாளில்தான் அது வெளிப்படும். அந்நாளில் பதிவு செய்பவர் அருகில் இல்லாவிட்டால் அச்சான்று என்றென்றைக்கும் இல்லை.

மூன்றாவது, தேய்வும் ஒரு சான்று. மேல்முகம் தேய்ந்திருப்பது இயல்பு. அடிமுகமும் தேய்ந்திருந்தால் அக்கல் முன்பு வேறொரு தரையில் கிடந்தது, அல்லது அதே தரையில் புரட்டிப் போடப்பட்டது. ஒரே தளத்தில் வெவ்வேறு அளவுக் கற்கள் கலந்திருப்பின் அது செப்பனிடப்பட்ட தளம். எந்தப் பகுதி செப்பனிடப்பட்டது என்பது மனிதர் எங்கே மிகுதியாக நடந்தனர் என்பதைக் காட்டும்.

பழஞ்செங்கல் இன்று விலைபொருள். இடிக்கப்படும் மாளிகைகளின் கற்கள் புதிய இல்லங்களுக்கும் விடுதிகளுக்கும் அழகுக்காக விற்கப்படுகின்றன. நினைவுச்சின்னங்களைச் செப்பனிடும்போதும் தேய்ந்த தளம் முதலில் அகற்றப்படுகிறது. சுவரைத் தொடத் தயங்கும் கை தரையைப் பெயர்க்கத் தயங்குவதில்லை. மறுபயன்பாடு குற்றமன்று, இந்நாட்டில் செங்கல் எப்போதும் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறது. குற்றம், பதிவின்றிப் பெயர்ப்பது. பாவிய திசை, இணைப்பின் அகலம், சாந்து, அடிமண், பல கற்களின் சராசரி அளவு, பொறிப்பு, தேய்வு ஆகிய ஏழையும் குறித்துப் படமெடுக்க ஓர் ஆய்வு மாணவருக்கு ஒரு பகல் போதும்.

கன்னிங்காமின் அறிக்கையில் அரப்பாவின் கற்கள் எத்தனை மைல் நீளத்துக்குப் போதுமானவை என்ற கணக்கு இருக்கிறது. அவை எந்தத் தெருவில், எந்த வீட்டின் குளியல் தளத்தில் கிடந்தன என்ற குறிப்பு எங்கும் இல்லை. லாகூருக்கும் முல்தானுக்கும் இடையே ஜல்லியாகச் சிதறிய அக்கற்களின் முதற்பிறப்பை எந்தச் சோதனைச்சாலையும் இன்றுகூடக் கணித்துவிட முடியும். அவை நகரத்தில் கழித்த வாழ்க்கையை மட்டும் இனி எவராலும் மீட்க முடியாது.